கிராஃப்டி சம்பாதித்த ரேட்டிங்

சதுரங்க இன்ஜின்களின் பலத்தை அளக்கும் முறைகளுள் உத்தமமானது எது என்று ரசிகர்கள் தர்க்கித்துக்கொள்ளும்போதெல்லாம், என் மனம் ராபர்ட் ஹயட்டின் கிராஃப்டியிடமே போய் நிற்கிறது. 1983-லும் 1986-லும் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டத்தை வென்ற க்ரே பிளிட்ஸை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவர். சூப்பர் கணினியின் போஷணை இல்லாமல் சாதாரணக் கணினியிலும் ஓடும்படி பின்னர் அவர் எழுதிய கிராஃப்டி, இன்டர்நெட் செஸ் கிளப்பில் கிராண்ட்மாஸ்டர்களும் சக இன்ஜின்களும் விடுத்த சவால்களை ஏற்று ஆடிச் சம்பாதித்த ரேட்டிங்கின்மேல் எனக்குள்ள மதிப்பு, 3,500-ஐயும் தாண்டி நிற்கும் இன்றைய இன்ஜின் ரேட்டிங் பட்டியல்களின் எண்களின்மேல் ஏற்படவில்லை.

காரணம், மனிதன் தான் தோற்ற இடத்தை மறப்பவனல்லன். பெரும்பாலான இன்ஜின்கள் ஒரே விதமாக எத்தனை முறை தோற்றாலும் அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே வந்து அமரும். அவனோ இரண்டொரு தோல்விக்குள் எதிராளியின் பலவீனத்தைக் கண்டுகொண்டு, பிறகு அதையே குறிவைத்து வருவான். சிப்பாய்களைக் கோத்து ஆட்டத்தை அடைத்துவிட்டு, செய்வதறியாத இன்ஜின் யானையை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டிருக்கையில் அதன் ராஜாவுக்கு எதிரே நிதானமாகப் படை சேர்க்கும் ஸ்டோன்வால் வித்தை ஒன்று. ராஜாவின் வாசலில் குதிரையை வலியக் கொண்டுபோய் நிறுத்தி, எதிரியின் எச் கோட்டுச் சிப்பாய் அதை எடுத்ததும் தன் சிப்பாயால் திருப்பி எடுத்து, அவ்விதம் திறந்த கோட்டில் யானையின் முழு வேகத்தையும் பாய்ச்சும் ட்ரோஜன் குதிரை வித்தை மற்றொன்று. குதிரை கிடைத்த லாபம் இன்ஜினின் கணக்குக்கு எட்டும்; ராஜாவுக்கு வரும் விபத்து அந்தக் கணக்கின் எல்லைக்கு அப்பால் இருக்கும்.

இவற்றுக்கு ஹயட் செய்த பரிகாரங்கள்தாம் என் பிரத்தியேக அபிமானத்துக்குரியவை. எவரும் படிக்கும்படி அவர் வெளியிட்ட மூல நிரலில், ஸ்டோன்வால் அமைப்பு உருவாவதை இனங்காண ஒரு தனிப்பகுதி இருக்கிறது. ஆட்டத்தை அடைப்பதே வழக்கமாகக் கொண்டவர்களின் பெயர்களைக் குறித்துவைக்க ஒரு பட்டியல் இருக்கிறது. எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்து டிராவின் மதிப்பை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்டறிந்து ஆடும் அந்த விவேகம், மனிதர்களிடம் அடிபட்டாலன்றி வந்திராது.

கிராஃப்டி தன் கணிப்பையும் தான் எதிர்பார்க்கும் நகர்த்தல்களையும் பார்வையாளர்களுக்கு அறிவித்துக்கொண்டே ஆடும் வழக்கமுடையதாக இருந்தது. தனக்கு ஒரு சிப்பாய்க்குமேல் அனுகூலம் இருப்பதாக அது சொல்லிக்கொண்டிருக்க, எச் கோடு திறக்கப்போவதை முன்பே உணர்ந்துவிட்ட எங்களைப் போன்றோர் காத்திருப்போம். சில நகர்த்தல்களுக்குப் பின் அந்த எண் சரேலென்று மறுபக்கம் சாயும்போது, எங்கே பிசகிற்று என்பதைக் கண்ணாரக் காண்போம்.

இன்ஜின்களை இன்ஜின்களோடு மோதவிட்டு அளப்போரின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 100 ஆட்டங்களில் பெற்ற ரேட்டிங் 60, 70 புள்ளிகள் ஏறியோ இறங்கியோ பிசகக்கூடும். இரண்டு மூன்று புள்ளி முன்னேற்றத்தை ருஜுப்பிக்கப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். அதற்கு மனிதரின் பொறுமை போதாது. 2013 முதல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின், தொண்டர்களின் கணினிகளில் அப்படிப் பரீட்சிக்கப்பட்டே வளர்ந்துவருகிறது. ஆனால் 100 புள்ளி அதிகமுள்ளவருக்கு நூற்றுக்கு 64 பங்கு கிடைக்கும் என்ற, ரேட்டிங் முறையை வகுத்த அர்பாத் எலோவின் கணக்கு, அந்தப் புள்ளிகள் எந்தக் கூட்டத்தில் ஆடிச் சேர்க்கப்பட்டனவோ அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் செல்லும். சற்றே திருத்திய தன் மறுபிரதியை வென்று இன்ஜின் பெறும் புள்ளிகள், அந்நியர்களோடு ஆடும்போது அதே அளவில் கைக்கு வருவதில்லை.

இன்றோ லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் இன்ஜின் கணக்குகளுக்கு மனிதர்களின் பொது ஆட்டங்களில் இடமில்லை; நேரே சவால் விட்டால் மட்டுமே ஆடலாம். மனிதர் என்ற பெயரில் வருபவரே இன்னோர் இன்ஜினை மறைத்துவைத்து ஆடுகிறாரோ என்ற சந்தேகம் பரவிவிட்ட காலத்தில் அந்த விதியைக் குறைகூறவும் மனம் வரவில்லை. என் மனத்தாங்கல் வேறு: லட்சக்கணக்கில் ஆட்டங்கள் குவிகின்றன, அவற்றிலிருந்து ஓர் எண்ணைப் பிழிந்தெடுத்ததும் ஒன்றையேனும் பலகையில் வைத்துப் பார்க்க ஆளில்லை.

2020-ல் வெளிவந்த மையா என்ற இன்ஜின் ஓரளவு ஆறுதல் தருகிறது. 1100 முதல் 1900 வரையுள்ள ஒன்பது படிகளில் மனிதர் ஆடிய லிசெஸ் ஆட்டங்களைப் பயின்ற அதை, எத்தனை முறை வென்றது என்று அளக்காமல், அந்தப் படியிலுள்ள மனிதர் எதை ஆடுவார் என்பதை எத்தனை முறை சரியாகச் சொன்னது என்றே அளந்தார்கள். பாதிக்குமேல் சரியாகவே சொல்லிற்று. மனிதர்களோடு அது ஆடும் ஆட்டங்களை, ரேட்டிங்கை ஒதுக்கிவிட்டு, முதல் நகர்த்தலிலிருந்தே பலகையில் வைத்துப் பார்த்துவருகிறேன்.