மணிக்கட்டிலிருந்து இதயத்துக்கு: இரு கரைகளின் கதீட்டர் சிகிச்சை

நெஞ்சைத் திறக்காமல் இதயத்தின் அடைப்பை நீக்கும் கதீட்டர் சிகிச்சை, பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே கருவிகளைக் கொண்டு ஒரே முறையில்தான் செய்யப்படுகிறது. மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ உள்ள தமனிக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள கதீட்டர் என்னும் மென்குழாயைச் செலுத்தி, அதன் வழியே அயோடின் கலந்த சாயத்தைப் பாய்ச்சி, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களை எக்ஸ் கதிர்த் திரையில் பார்ப்பது ஆஞ்சியோகிராம். அடைப்பு தெரிந்த இடத்தில் சிறு பலூனை விரித்து வழி உண்டாக்கி, அவ்வழி மீண்டும் சுருங்காதிருக்க மருந்து பூசிய உலோக வலைக்குழலாகிய ஸ்டென்டைப் பதிப்பது ஆஞ்சியோபிளாஸ்டி. தமிழகப் பாடநூல் தமனி என்பதை இலங்கைப் பாடநூல் நாடி என்கிறது; இங்கே செவிலியர், அங்கே தாதியர். சொற்கள் வேறுபட்டாலும், அந்த அறைக்குள் நிகழும் வேலை ஒன்றே.

1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் முதன்முதலில் செய்துகாட்டிய பலூன் சிகிச்சையை 1986-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர், சென்னையில் பணியாற்றிய மாத்யூ சாமுவேல் களரிக்கல். தனியார் மருத்துவமனைகளின் துணையோடு அது தமிழகத்தில் விரைந்து பரவியது. இலங்கையில் இச்சிகிச்சை நெடுங்காலம் கொழும்பைச் சுற்றியே நின்று, பின்னர்தான் கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் அரச வைத்தியசாலைகளை எட்டியது. இன்று இரு நிலங்களையும் ஒப்பிடும்போது கருவிகளின் புதுமையைவிட முதன்மையாகக் கேட்கப்பட வேண்டியவை இரண்டு: செலவை யார் ஏற்கிறார்கள், நோயாளி எத்தனை மணி நேரத்தில் அந்த அறையை அடைகிறார்.

1951 முதல் அரச வைத்தியசாலைகளில் கட்டணமற்ற சிகிச்சை என்னும் கொள்கையைக் காத்துவரும் இலங்கையில், ஸ்டென்டை மட்டும் நோயாளியின் குடும்பமே வெளியில் வாங்கித் தர வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. இயலாதவர்கள் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தனர். அரசே ஸ்டென்டை இலவசமாக வழங்கத் தொடங்கிய பிறகுதான் அக்கொள்கை இதய நோயாளிக்கு முழுப் பொருள் பெற்றது. தமிழகம் வேறு வழியில் சென்றது. 2009-இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், அதன் தொடர்ச்சியான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அரசின் பணத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்குள்ளும் கொண்டுசென்றன. அதனால் ஏழைக்கும் கதவு திறந்தது, ஆனால் பணத்தைச் செலுத்துபவர் ஒருவராகவும் சிகிச்சையைத் தீர்மானிப்பவர் வேறொருவராகவும் ஆயினர். இந்திய அரசின் விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது; அதுவரை லட்ச ரூபாயையும் தாண்டி விற்ற பொருளின் விலையை ஒரே நாளில் வீழ்த்திய துணிவான செயல் அது.

நேரம் பற்றிய கேள்வியே இவற்றினும் கடுமையானது. இதயத் தமனி அடைப்பால் வரும் மாரடைப்பில், அடைத்த குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி மடிகிறது. நேரே ஆஞ்சியோபிளாஸ்டி செய்வதே மிகச் சிறந்தது என்றாலும், நோய் கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் அது இயலாதென்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டெபிளேஸ் போன்ற ஊசி மருந்தை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே உடனே போட்டு, பின் கதீட்டர் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பி 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வதே மருத்துவ உலகம் ஏற்ற முறை. மருந்தும் கதீட்டரும் கைகோக்கும் இந்த வழியை வறிய நாடுகளுக்கான இரண்டாந்தர ஏற்பாடாகக் கருதுவது பிழை. தொலைவும் போக்குவரத்தும் உள்ளபடி உள்ள நிலங்களுக்கு அதுவே நேர்மையான விடை.

தமிழகம் இதை முறைப்படிச் சோதித்துப் பார்த்தது. 2012 முதல் 2014 வரை நான்கு மருத்துவமனைத் தொகுதிகளில், சிறு மருத்துவமனைகளை ஒரு மைய மருத்துவமனையுடன் இணைத்து, இதய மின்வரைபடத்தை உடனுக்குடன் மையத்துக்கு அனுப்பி, 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. இருந்தவற்றைக் கோத்ததால் கிடைத்த பலன் அது. அதே சிந்தனையின் நீட்சியாக 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் தவணையாக வைத்தது.

நிலப்பரப்பால் சிறிய இலங்கையில் இத்தகைய இணைப்பு இன்னும் எளிதாக இருந்திருக்க வேண்டும். எனினும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீட்டர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அத்தொலைவு கிலோமீட்டரால் மட்டும் அளக்கப்பட்டதன்று. 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018-இல் யாழ்ப்பாணத்தில் நடந்த விழாவின் வழியே வடக்குக்கும் விரிந்த '1990 சுவசெரிய' என்னும் நோயாளர் காவுவண்டிச் சேவை, இந்திய நன்கொடையால் உருவானது; தமிழகத்தின் '108' ஆம்புலன்ஸ் சேவையை நடத்திவந்த அமைப்பே அதையும் தொடக்கத்தில் நடத்தியது. இதயச் சிகிச்சையில் ஒரு கரையின் அனுபவம் மறுகரைக்கு உண்மையாகவே உதவிய இடம் இது.

ஸ்டென்ட் பதித்த பின் ஏறத்தாழ ஓராண்டுக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தவறாமல் உட்கொள்ளப்பட வேண்டும். இடையில் நிறுத்தினால் வலைக்குழலுக்குள்ளேயே இரத்தம் உறையக்கூடும். இலங்கை நோயாளி கிளினிக் கொப்பி என்னும் குறிப்பேட்டோடு குறித்த தேதியில் வைத்தியசாலைக்குச் சென்று அவற்றைப் பெறுகிறார். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஏற்கனவே இலவசமாகப் பதிக்கப்பட்ட ஸ்டென்டின் காவலும் தனியார் மருந்தகத்தின் விலையைப் பொறுத்ததாயிற்று. தமிழகத்திலோ 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது.