பவானிச் சிவப்பு

பாரசீகக் கம்பளம் என்றதும் நம்மவர்கள் குரலில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. காஷான், தப்ரீஸ் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கி, வேரில் எடுத்த சிவப்பு, அவுரியில் எடுத்த நீலம் என்று வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். ஆனால் வீட்டுப் பரணில் சுருட்டிக் கிடக்கும் பவானி ஜமக்காளத்தை அந்தக் கண்ணோடு யாரும் பார்ப்பதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

காவிரியும் பவானி ஆறும் கூடும் ஊர் பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத்துணி வந்து குவிந்து உள்ளூர்த் தறிகள் தள்ளாடியபோது, அங்கிருந்த ஜங்கமர் என்ற நெசவாளர்கள் தடித்த வண்ணப் பருத்தி நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். செயற்கைப் பட்டில் அகலக் கரை வைத்த ரகம் பிறகு வந்தது. கல்யாணமோ, சீரோ, குலதெய்வக் கோயில் பொங்கலோ, கொங்கு நாட்டில் ஆட்கள் வருமுன் முதலில் விரிவது ஜமக்காளம்தான். 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கம்பளத்தில் முடிச்சு முடிச்சாகப் பூவும் கொடியும் எழும். ஜமக்காளத்தின் நடுவுடலில் அந்த வசதி கிடையாது. பாவு உள்ளே மறைந்துகொள்ள, தடித்த ஊடை மட்டுமே மேலே தெரியும். பட்டை பட்டையாக நிறம், அவ்வளவுதான். சாயம் கொஞ்சம் தவறினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. சிவப்பையும் பச்சையையும் அப்படியே ஒட்டவைத்தால் கண் கூசும். தேர்ந்த நெசவாளர் இடையில் ஒரு கறுப்புக் கோட்டை ஓட்டுவார். இரண்டும் அடங்கி நிற்கும். பக்கத்து நிறங்களின் இந்த விளையாட்டை ஆராய்ந்தவர், பாரிஸின் கோபெலின் சித்திரத் திரை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் அதை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து 1839இல் பெரிய புத்தகமே எழுதினார். குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு அது கைப்பழக்கத்தில் வந்த அறிவு.

சாயத்துக்கு வருவோம். கம்பளி நூலுக்குப் படிகாரம் காட்டினால் வேர்ச்சாயத்தை இழுத்துக்கொள்ளும். பருத்தி அவ்வளவு எளிதில் மசியாது. கடுக்காயில் ஊறவைத்து, எண்ணெய் காட்டி, பல நாள் பாடுபட்டுத்தான் நம் முன்னோர் சாயவேர்ச் சிவப்பைப் பருத்தியில் ஏற்றினார்கள். இன்று ஜமக்காள நூலுக்கு ரசாயனச் சாயம்தான். அதிலும் தரம் உண்டு. பருத்திக்கு நம்பகமானவற்றில் ஒன்று வாட் சாயம். தண்ணீரில் கரையாத நிறத்தைக் காரமும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும் போட்டுக் கரைத்து, நூல் சிட்டத்தை அதில் முக்கி எடுத்துக் காற்றில் உதறுவார்கள். தொட்டியில் இருந்தபோது வேறு நிறமாகத் தெரிந்த நூல் கண்ணெதிரே தன் நிறத்துக்குத் திரும்பும். கரையாத பொருளாக மீண்டும் இழைக்குள்ளேயே தங்கிவிடுவதால் லேசில் போகாது.

கடையில் ஜமக்காளத்தை வாங்கும்போது முனையில் தொங்கும் ஒரு நூலின் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளிழை வரை ஒரே நிறமாக இருந்தால் சாயம் நன்றாக ஏறியிருக்கிறது. உள்ளே வெளிறியிருந்தால் அவசரத்தில் முக்கி எடுத்தது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது.

ஒரே சிவப்புப் பட்டைக்குள் மெல்லிய நிற மாற்றம் தெரிகிறதா? ஒரு சிட்டம் தீர்ந்து அடுத்தது தொடங்கிய இடம் அது. கம்பள ரசிகர்கள் இதையே அழகு என்று கொண்டாடுகிறார்கள். நம் வியாபாரிகளோ குறை என்று ஒதுக்குகிறார்கள். நான் ரசிகர்கள் பக்கம்.

நிறத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011இல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. கெட்டிச் சாயம் என்று பெருமைப்படும்போது கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பட்டறையா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

இனிப் பராமரிப்பு. முதல் முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். பட்டறையில் நிற்காத சாயம் வீட்டு வாளியில் நிற்காது. பட்டுக்கரை வைத்ததை முறுக்கிப் பிழியவே கூடாது, செயற்கைப் பட்டு ஈரத்தில் வலுவிழக்கும். நேர்வெயிலில் போடாமல் நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்புக் கோட்டில்தான் முதலில் நைந்துபோகும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி பருத்தியைப் பெரும்பாலும் சீண்டாது. எலியிடமிருந்து மட்டும் காப்பாற்ற வேண்டும். ஜன்னலோரம் விரித்ததை அவ்வப்போது திசை மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் வெளுக்காது.

1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியது பவானிப் பெயரில் விற்பனைக்கு வருகிறது. அடுத்த விசேஷத்துக்கு வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.