தண்ணீர் இறங்கும் வழியே ஓர் ஓட்டம்

சென்னையில் ஓடுகிறவர்களிடம் நல்ல பாதை எது என்று கேட்டால் மெரினா என்பார்கள், பெசன்ட் நகர் என்பார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை என்பார்கள். மூன்றும் நல்ல பாதைகள்தான். ஆனால் ஓட்டத்தைக் கலையாக ரசிக்கத் தெரிந்தவர் ஒருமுறையாவது தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூருக்கு வந்து ஓடிப் பார்க்க வேண்டும். கடற்கரைச் சாலையில் காற்று இருக்கிறது, தரை மட்டம் மாறுவதில்லை. சேலையூரில் காற்று குறைவு. தரை பேசிக்கொண்டே இருக்கும்.

தாம்பரம் பக்கத்து நிலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 30 மீட்டர். அங்கிருந்து வேளச்சேரி சாலையில் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கே உயரம் சில மீட்டர்தான். இந்தச் சரிவு ஸ்கூட்டரில் போகிறவருக்குத் தெரியாது, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுத்தமாகத் தெரியாது. ஓடுகிறவரின் கெண்டைக்கால் சதைக்குத் தெரியும். கிழக்கே போகும்போது மூச்சு தானாகச் சீராகும், பேஸ் யாரும் கேட்காமலே கூடும். திரும்பி மேற்கே வரும்போது அதே வேகத்துக்கு அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர் அதைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வார்.

இந்தச் சாய்மானத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே படித்துவைத்தவர்கள் இங்கே ஏரி வெட்டியவர்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை. மேலே உள்ள ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியைச் சேரும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ஒரு சொட்டும் அவசரப்பட்டுக் கடலுக்குப் போய்விடக்கூடாது என்கிற ஏற்பாடு. என் அபிப்பிராயத்தில், இந்த வட்டாரத்தில் ஓட்டப் பாதை வகுக்கிறவர் கூகுள் வரைபடத்தில் சாலையைத் தேடுவதற்கு முன் ஏரியைத் தேட வேண்டும். தண்ணீர் இறங்கும் வழிதான் இங்கே அழகான வழி.

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து கிளம்பலாம். நேரம் முக்கியம். மே மாதத்தில் 5.40க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 வரை தாமதிக்கும். கோடையில் இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிரக் காயாது, உடம்புச் சூடு இறங்காது. அதனால் சித்திரை, வைகாசியில் இருட்டோடு கிளம்பி வெளிச்சத்தோடு முடித்துவிட வேண்டும். பால் பூத்தில் டப்பாக்கள் இறங்கும் சத்தமும், டீக்கடை பாய்லரின் முதல் ஆவியும்தான் துணை. தெருநாய்கள் இருக்கும். குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

சேலையூர் ஏரியைச் சுற்றி வீடுகள் நெருக்கி நிற்கின்றன; அதை ஒரு வணக்கம் போட்டுத் தாண்டிவிடலாம். நின்று பார்க்க வேண்டியது செம்பாக்கம் ஏரி. ஏறத்தாழ 100 ஏக்கர். கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடந்த இந்த ஏரியை நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும், கேர் எர்த் டிரஸ்ட்டும், சென்னை ஐஐடியும் சேர்ந்து மீட்டெடுக்கும் வேலையில் இறங்கின. தூர் வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள். காலை வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போது அந்த வேலைக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

ஏரிக்கரை மண்ணில் ஓடுவதற்கென்று ஒரு சுகம் உண்டு. தார்ச்சாலை, மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காக ஓரங்களில் சரித்துப் போடப்பட்டது; ஒரே ஓரமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழுந்துகொண்டே இருக்கும், இடுப்பு அதைக் கணக்கு வைத்துக்கொண்டு மறுநாள் காட்டும். மண் கரையில் அந்தத் தொல்லை இல்லை. மாடு மிதித்த குழியும், நுணா வேரும், சின்னச் சரளையும் இருப்பதால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் வேறு மாதிரி விழும். பாதத்தின் சின்னத் தசைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். காலடிச் சத்தமும் மாறிவிடும்: சாலையில் 'டப் டப்' என்று அறைந்துகொண்டு வந்த ஷூ, கரையில் ஏறியதும் அடங்கிவிடும். அந்த அமைதியில்தான் பறவைகள் காதில் விழும். முக்குளிப்பான் தண்ணீரில் மூழ்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, அது எங்கே எழும் என்று ஊகித்தபடியே ஐம்பது அடி ஓடலாம். கோரைப் புல்லின் ஓரத்தில் நீலத் தாழைக்கோழி நீளமான விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடக்கும். அசையாமல் நிற்கிற மடையான், நாம் நெருங்கியதும் எழும்பும். மண் நிறத்தில் இருந்த பறவை சிறகை விரித்த கணத்தில் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும்.

மதகையும் கலங்கலையும் தாண்டும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மதகு வழியாகப் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். பாய்ந்த வயல்கள் இன்று நகர்கள், அபார்ட்மென்ட்கள். கலங்கல் மட்டும் தன் வேலையை விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு இந்தப் பக்கம் ஓடி வந்தால், அதன் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடாக வழிந்து போவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தவருக்கு இந்த வட்டாரத்தின் பூகோளம் ஒரே நொடியில் விளங்கிவிடும்.

அங்கிருந்து வேளச்சேரி சாலைக்கு வந்து சந்தோஷபுரம் வழியாக மேடவாக்கம் வரை உள்ள தூரம் வெறும் தூரம். கடை, பஸ், ஹார்ன். ஓடிக் கடப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் பக்கத்திலேயே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. சுமார் 320 ஹெக்டேர். வானளாவிய மரங்களை எதிர்பார்த்து வருகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம், இது புதர்க்காடு. களா, காரை, சூரை, ஈச்சம் புதர், நடுவே வெயிலில் வெந்த பாறை. தொண்டை மண்டலத்துக் கடலோரச் சமவெளி ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு மிச்சமிருக்கும் சாட்சி இது. உள்ளே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உண்டு. கல் வெட்டி எடுத்த செங்குத்துப் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தைகள் குடியிருப்பதைப் பறவை ஆர்வலர்கள் பல காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஓரமாக ஓடினாலே போதும். அக்கா குயிலின் கூவல் ஸ்தாயி ஏறி ஏறிப் போவது சாலை வரை கேட்கும்.

கால் ஒத்துழைத்தால் பள்ளிக்கரணை வரை. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். குளிர்காலத்தில் வாத்துகள், உள்ளான்கள், அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைக் கூட்டம். மேலே பார்த்த அத்தனை ஏரிகளின் தண்ணீரும் வந்து சேரும் இடம் இது என்று தெரிந்து அங்கே நிற்பதற்கும், வெறுமனே வந்து நிற்பதற்கும் நிறைய வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு இந்த நகரத்தில் கிடையாது. திரும்புவதற்கு மாநகரப் பேருந்து இருக்கிறது, கூச்சப்படாமல் ஏறுங்கள்.

குட்டி ஓட்டம் போதும் என்கிற நாளில் தெற்கே, மாடம்பாக்கத்துக்கு. இந்தப் பாதையின் தனிச் சிறப்பு வானத்தில் இருக்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் பள்ளி 1954 முதல் அங்கே இருக்கிறது. காலை நேரத்தில் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடித்து இறங்கும், மறுபடி எழும்பும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து செம்மைப்படுத்தும் அந்த ஒழுக்கம் கீழே ஓடுகிறவருக்கும் தெம்பு தரும்.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சுந்தர சோழர் காலத்தது, 10ஆம் நூற்றாண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பசுவாகப் பிறந்த கபில முனிவர், மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின் மேல் பாலைச் சொரிந்து வழிபட்டார் என்பது தலபுராணம். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வியர்வை ஆறியதும் பிராகாரத்தில் மெதுவாக வலம் வாருங்கள். கருவறை விமானத்தின் பின்புறத்துக்கு வந்ததும் நில்லுங்கள். இரண்டு மூலைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூலையே இல்லை. சுவர் ஒரே வளைவாகத் திரும்பி மறுபக்கம் போய்விடுகிறது. தூங்கானை மாடம் என்கிற இந்த அமைப்பு தொண்டை மண்டலத்தில்தான் அதிகம். வளைவான கல் மேல் விழும் காலை வெயிலுக்கு எல்லைக்கோடு கிடையாது. வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. முன் மண்டபத் தூண்களில் சரபேஸ்வரர் சிற்பம் உள்ள தூணுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடும். நான் பரிந்துரைப்பது கோயிலின் பின்பக்கத்தை.

இனி மரங்கள். சேலையூர்க்காரர்களின் பெரிய பாக்கியம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம். 1931இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. 1937இல் கல்லூரி நகரத்தின் நெரிசலை விட்டு இங்கே இடம் பெயர்ந்தது. சேலையூர்க் காட்டிலிருந்து கிடைத்த 365 ஏக்கர். அந்தக் காட்டை அழித்துக் கல்லூரி கட்டாமல், காட்டுக்குள் கல்லூரியை வைத்தார்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் இந்த வளாகத்தின் மரம் செடிகளுக்குக் காட்டிய அக்கறை தலைமுறை தாண்டி நிழல் கொடுக்கிறது. உள்ளே ஓட அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும், அதுதான் நியாயமும்கூட. அனுமதி கிடைத்தவருக்குத் தெரியும்: வெளிச்சாலையிலிருந்து மர நிழலுக்குள் நுழையும் இடத்தில் முழங்கையில் குளிர் படும். சருகு மெத்தை, ஈர மண் வாசனை, புதருக்குள்ளிருந்து ஒரு புள்ளிமான் காதை மட்டும் திருப்பிப் பார்க்கும். இங்கே ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓடுவது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், ரசனைக் குறைவு.

இதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியை ஒவ்வொரு மார்கழியும் எனக்கு ஞாபகப்படுத்துகிறது. புள்ளியியலாளர், பறவைகளையும் பல்லவர் சிற்பங்களையும் அதே ஆர்வத்தோடு கவனித்தவர். ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. மார்கழி விடியலில் சேலையூர்த் தெருக்களில் ஓடிப் பாருங்கள். பனி, ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசலுக்கு வாசல் கோலம். கோலத்தை மிதிக்காமல் ஓடுவதற்காகக் கால் தானாகவே அடியைக் குறுக்கி, நீட்டி, பக்கவாட்டில் தாண்டும். அந்த ஒரு மாதத்தில் என் காலடி வருடம் முழுவதையும்விட லாவகமாக இருப்பதாக உணர்கிறேன். குனிந்து இழை இழுத்துக்கொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்து, "பார்த்துப் போப்பா, ஈரமா இருக்கு" என்பார்.

இந்தப் பாதைகளை ரசிக்கிறவருக்கு ஒரு கவலையும் சேர்ந்தே வரும். 2015 டிசம்பர் மழையில் தென்சென்னை மூழ்கியபோது, தண்ணீர் புதிதாக எந்த வழியையும் கண்டுபிடிக்கவில்லை. காலங்காலமாக இறங்கிய சரிவில்தான் இறங்கியது. ஏரிகளுக்கு நடுவே உள்ள கால்வாய்களின் மேல் கட்டடம் எழும்பியிருந்த இடங்களில் வீட்டுக்குள் புகுந்தது. செம்பாக்கத்துக்கும் நன்மங்கலத்துக்கும் நடுவில் ஓடும்போது எந்த இடத்தில் கால்வாய் குறுகுகிறது, எங்கே குப்பை அடைத்திருக்கிறது என்பதை ஓடுகிறவர் கண்ணால் பார்க்கிறார். ஓட்டக் குழுக்கள் ஜனவரி மாரத்தானுக்குத் தயாராவது பருவமழை மாதங்களில்தான். அந்த மாதங்களில் பார்த்ததைப் படம் எடுத்துத் தாம்பரம் மாநகராட்சிக்கு அனுப்புவதற்கு ஓட்டம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் போதும்.

ஏரிக்கரைகளை அழகுபடுத்தத் திட்டம் போடுகிற அதிகாரிகளுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கு போடுங்கள், பெஞ்ச் போடுங்கள், வேலி போடுங்கள். கரையின் உச்சியில் மூன்றடி அகலத்துக்காவது சிமென்ட் கல் பதிக்காமல் மண்ணை மண்ணாகவே விட்டுவையுங்கள். கலங்கலை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள்.