செஞ்சுருட்டியும் சேற்றுக்காலும்

மரக்காணத்துக்குப் பாட்டு டீச்சராக வந்து சேர்ந்த இரண்டே மாதத்தில் என் ஆர்மோனியம் செத்துப்போனது. பித்தளை ரீடுகளில் களிம்பு ஏறி, மேல்ஸ்தாயிக் காந்தாரம் பூனைக்குட்டி மாதிரி கத்த ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் அந்தக் கத்தலும் நின்றது. உப்புக்காற்று! ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டியை மட்டும் விட்டுவைக்குமா? அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். இன்றைக்கு அந்தக் காற்றுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடலாம் போலிருக்கிறது. பெட்டி பேசிக்கொண்டே இருந்திருந்தால் என் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது பீற்றிக்கொள்வதற்காகவே எழுதுவது. நடுநிலையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

விஷயம் கலைத் திருவிழா. 2022-23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. ஆரம்பத்தில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நாலு படி. கடைசிப் படி ஏறியவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். "கேரளாவில் 1957-லேயே கலோல்சவம் வந்தாச்சு, நமக்கு இப்பத்தான் விடியுது" என்று பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி குத்திக் காட்டுவாள். லேட்டானாலும் விடிந்ததே!

நான் விழுப்புரம் அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் வாய்ப்பாட்டு படித்தவள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படி தாண்டாமல் ஏறினால்தான் சங்கீதம் என்று நம்பியவள். அதே நம்பிக்கையோடு பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து ஆதி தாளம் போடச் சொன்னேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஐந்தாவது எண்ணிக்கை வருவதற்குள் ஒருவன் விரல் சிக்கிக்கொள்ளும், வகுப்பே சிரிப்பில் சிதறிப்போகும். பத்து நாளும் இதே கூத்து.

பதினோராம் நாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், கையில வராது. கால்ல வரும்."

பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்துக் காட்டினாள். இன்னும் மூன்று பேர் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். நாலு குதிகால், ஒரே சத்தம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இம்மி பிசகவில்லை!

உப்பளம் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. இங்கே 3,000 ஏக்கருக்கு மேல் பாத்திகள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் முதல் வேலை பாத்தி மிதிப்பதுதான். வடித்து வழித்த சேற்றைக் காலாலேயே மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். இறுகாவிட்டால் வாரும்போது உப்போடு சேறும் வரும். பெண்கள் வரிசை கட்டி நின்று, ஒரு காலடிக்குப் பக்கத்தில் அடுத்த காலடி என்று இடைவெளி விடாமல் மிதித்துக்கொண்டே நகர்வார்கள். ஒருத்தி முந்தினாலும் வரிசை கலைந்துவிடும், தரையில் மேடும் பள்ளமும் விழுந்துவிடும். லீவு நாளில் அம்மாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துப்போய் வரப்பில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். லயம் என்ற வார்த்தைதான் அவர்களுக்குப் புதிது.

மறுநாளே வகுப்பைக் குழாயடிக்கு மாற்றினேன். நாலு குடம் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். தகதிமி நாலு மிதி. தகிட மூன்று. தகதகிட என்று கண்டம் வந்தபோது கொஞ்சம் நொண்டினார்கள், அதையும் ஒரே சாயங்காலத்தில் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கண்ட நடை கைக்கு வர ஆறு மாதம் ஆனது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

குழுப்பாடலுக்குப் பாட்டு தேடியபோது என் நோட்டுப்புத்தகத்தில் இருந்த எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் பாட்டு ஒரு மாணவியின் பாட்டியிடமிருந்து வந்தது. மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும் மாதங்களில் அந்தம்மா உள்ளூர்ப் பக்கம் நாற்று நடப் போனவர். நடவுப் பாட்டு ஒன்றைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார், அதுவும் பாதிதான் நினைவில் இருந்தது. ராத்திரி உட்கார்ந்து ஸ்வரம் எழுதிப் பார்த்தேன். அட, செஞ்சுருட்டி! மேல் ஷட்ஜத்தைத் தொடவே தொடாத ராகம். மேலே நிஷாதம், அவ்வளவுதான் அதன் எல்லை. பிள்ளைத் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. 5 கட்டையில் மத்யம சுருதி வைத்ததும் பெண்பிள்ளைகளின் குரல் கிண்ணத்தில் பால் மாதிரி வந்து உட்கார்ந்தது.

பையன்களோடுதான் பெரும்பாடு. ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருந்த நேரம். பாதி வரியில் தவளை, பாதி வரியில் புல்லாங்குழல். வெட்கப்பட்டுப் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்தார்கள். அவர்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, சும்மா தம்பூரா மாதிரி ஆதார ஸ்வரத்தைப் பிடித்து நிற்கச் சொன்னேன். பாட்டுக்கு அடியில் தரை போட்டது போல் ஆகிவிட்டது. அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்ட சாயங்காலம், பக்கத்து வகுப்பில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு சார் பேனாவோடு வாசலில் வந்து நின்றார். பாட்டு முடிந்தும் போகவில்லை.

பறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளியில் இரண்டு பறை. கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, தட்டினால் அட்டைப்பெட்டிச் சத்தம். தாத்தாவோடு சாவுக்கும் திருவிழாவுக்கும் போய்ப் பழகிய பையன் ஒருவன், காய்ந்த பனையோலையைக் கொளுத்தித் தோலை அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். விரல் முட்டியால் ஒரு தட்டு. காதைச் சாய்த்துக் கேட்பான். "இன்னும் வேகல டீச்சர்." மறுபடி அனல், மறுபடி தட்டு. திடீரென்று ஒரு தட்டில் கணீரென்று எழும்பும் பாருங்கள், அந்த நொடியில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! இடக்கையில் நீளச் சிண்டு, வலக்கையில் குட்டை அடிக்குச்சி. அதற்கப்புறம் அந்த அறையில் நான் மாணவி.

வட்டாரப் போட்டிக்கு வேனில் கிளம்பினோம். எயிற்பட்டினம் என்று சிறுபாணாற்றுப்படையில் வரும் ஊர் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். சின்ன யாழைத் தூக்கிக்கொண்டு பாணர் கூட்டம் வள்ளல் நல்லியக்கோடனைப் பார்க்க இந்தப் பக்கமாகப் பரிசிலுக்குப் போனதாகச் சொல்லி, பெரிதாகப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "அவங்களுக்கு வேன்ல வாந்தி வந்துச்சா டீச்சர்?" அதோடு என் சங்க இலக்கியம் முடிந்தது.

போன இடத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்றுவிட்டார்கள். நியாயம்தான், ஆனால் பறை தொய்ந்துகிடக்கிறதே. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே பையன் ஓடிப்போய், ஓடிச் சூடேறி நின்ற வேனின் பானெட் மேல் பறையைக் கவிழ்த்துவிட்டான். மேலே வெயில், கீழே இன்ஜின் சூடு. கால்மணி நேரத்தில் தோல் முறுக்கேறிவிட்டது. டிரைவர் அண்ணன் கத்தவில்லை, "இந்தப் பக்கம்தான் சூடு ஜாஸ்தி, இங்க வை" என்று நகர்த்திக் கொடுத்தார்.

குழுப்பாடலில் மூன்றாவது வரியில் மைக் செத்தது. என் வயிறு கலங்கியது. மேடையில் பத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுங்கால் பலகையில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த மிதியைப் பிடித்துக்கொண்டு பாட்டு நடந்தது, அடியில் அந்த மூன்று பையன்களின் குரல் தரை மாதிரி கிடந்தது. கூடத்தில் கடைசி வரிசைவரை வார்த்தை கேட்டது. நான் எத்தனையோ சபாக் கச்சேரி கேட்டவள். அந்த மூன்று நிமிஷத்துக்கு ஈடாக எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாட்டுக்கு இரண்டாமிடம். எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான், மறைக்கவில்லை. பறைக்கு முதலிடம். விழுப்புரத்தில் மாவட்டப் போட்டியில் பறைப் பையன் மூன்றாவதாக வந்தான். திரும்பும்போது எல்லாருக்கும் பரோட்டா. அதுவும் டிரைவர் அண்ணன் காசு.

அப்புறம் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இங்கே பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரி. பள்ளி திறந்த அன்று பறைகளைத் தேடினேன், காணவில்லை. அந்தப் பையன் முந்திக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பரணில் ஏற்றி வைத்திருந்தான். பாடப்புத்தகம் நனைந்துவிட்டது என்று அவன் அம்மா என்னிடம் புலம்பினார். நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்து மறுபடி மிதி தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கால்ல வரும் என்று சொன்னாளே, அவளுடைய அம்மா வரிசையில் இருந்தார். "வாங்க டீச்சர், எறங்குங்க." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேறு கணுக்கால் வரை சில்லென்றிருந்தது. தகதிமி, தகதிமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வரிசையோடு நகர்ந்தேன். ஆறேழு அடி போயிருக்க மாட்டேன்.

"டீச்சர், நீங்க முந்துறீங்க" என்றார் அந்த அம்மா. "எண்ணாதீங்க. பக்கத்துக் காலைப் பாத்து வைங்க."