கொக்கோகம்: படமும் பாடமும்

வெற்றி வேற்கையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள், கொக்கோகமும் அதே அதிவீரராம பாண்டியர் பெயரில்தான் வழங்குகிறது என்பதைச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

வடமொழி இரதிரகசியத்தின் வழிவந்த இந்நூல் பத்மினி, சித்தினி, சங்கினி, அத்தினி எனப் பெண்களை நான்கு சாதியாகப் பிரிக்கிறது. மலிவுப் பதிப்புகளில் சேர்க்கப்பட்ட படங்கள் உடலமைப்பை விளக்குவதில்லை; ஆவலைத் தூண்டுவதோடு சரி.

1972இல் மருத்துவர் அலெக்ஸ் கம்ஃபர்ட் வெளியிட்ட 'தி ஜாய் ஆஃப் செக்ஸ்' நூலின் கோட்டோவியங்களில் இருப்பவர்கள் தாடிக்காரக் கணவரும் அவர் மனைவியும். பார்த்தால் பக்கத்து வீட்டார் போலிருப்பார்கள். அதிலும் ஆணின் பார்வையே மேலோங்கியது. 2008இல் சூசன் குவில்லியம் என்ற பெண் எழுத்தாளர் அதைத் திருத்தி எழுதினார்.

கொக்கோகத்தை இலக்கிய மாணவர் தாராளமாகப் படிக்கலாம். மணமாகப் போகிறவர் அதையே வழிகாட்டியாகக் கொண்டால், மனைவி சொல்லும் வலியைக்கூட அவள் சாதியின் இயல்பு என்று எண்ணிவிடுவார்.