திருவெள்ளறைக்கு எத்தனை எழுத்து?

ஆறு. ரெண்டாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டே சொல்லிவிடும்: தி, ரு, வெ, ள், ள, றை. பைத்தானில் லென் போட்டால் 11 என்கிறது. கோ மொழியில் அதே லென் 33 என்கிறது. ஸ்விஃப்ட் மட்டும் 6 என்று நம்ம பிள்ளையோடு ஒத்துப்போகிறது.

மூன்றுமே தப்பில்லை. 33 என்பது யுடிஎஃப்-8இல் பிடிக்கும் பைட்டுகள். 11 என்பது யூனிகோட் எண்கள். 'தி' என்பதில் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, 'ள்' என்பதில் புள்ளிக்கும் தனி எண். (நன்னூல்காரரைக் கேட்டால் ஐந்தரை மாத்திரை என்பார், கடைசி ஐகாரம் குறுகிவிடுமே!) தமிழில் நிரல் சொல்லித்தருகிறவர்கள் பலர் "லென் என்றால் எழுத்துகளின் எண்ணிக்கை" என்று ஆங்கிலப் பாடத்தை அப்படியே இறக்கிவைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதை நம்பிப் படிவத்தில் '10 எழுத்துக்குள்' என்று வரம்பு வைத்தால் ஆறெழுத்து ஊர்க்காரர் தன் ஊரையே எழுத முடியாது.

இன்னொரு பக்கம், எல்லாப் பழியையும் யூனிகோட் மேல் போடுகிற கட்சி. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எண்ணிக்கை கச்சிதமாக 6. சரி, தேடலுக்கு வாருங்கள். யூனிகோடில் 'ஊர' என்று தேடினால் ஊர், ஊரில், ஊரை எல்லாம் அகப்படும். தமிழ் விகுதி மெய்யின் மேல்தானே வந்து ஏறுகிறது? டேஸில் ர், ரி, ரை வேறுவேறு எண்கள். வெறும் தேடல் அங்கே கைவிரிக்கும். நீளத்துக்குக் குறையாக இருப்பது தேடலுக்கு வசதி. இதை அந்தக் கட்சி பேசுவதே இல்லை. ஆனால் யூனிகோடில் 'ள' எங்கே என்று கேட்டால் 'ள்' இருக்கும் இடத்தைக் காட்டும், அதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தாகவே வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் எழுத்து பிரிக்கும் வசதி இருக்கிறது.

என்னைக் கவிழ்த்தது இது எதுவுமில்லை, ஸ்ரீ! திருவெள்ளறை ஸ்வஸ்திகக் கிணறு பற்றிச் சேர்த்த குறிப்புகளில் ஸ்ரீரங்கம் என்று தேடினேன். பாதிக் கோப்புகள் வரவில்லை. திறந்து பார்த்தால் கண்ணெதிரே ஶ்ரீரங்கம். 2005இல் யூனிகோட் 4.1 'ஶ' எழுத்தைச் சேர்த்தது. அதற்குமுன் 'ஸ' வைத்துத்தான் ஸ்ரீ எழுதினோம். பல எழுத்துருக்களில் ரெண்டும் ஒரே உருவம், உள்ளே வேறு எண். 'கொ'வை இரண்டு துண்டாக அடித்திருந்தால் நார்மலைசேஷன் ஒட்டிவிடும். இதை அது தொடாது.

இப்போது தேடும் முன் 'ஶ்ரீ' எல்லாவற்றையும் 'ஸ்ரீ' ஆக்கிவிடுகிறேன், ஒரே வரி. திருவரங்கம் என்று எழுதிவைத்த கோப்புகளுக்கு எந்த வரியும் உதவாது, கையால் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.