இல்லை என்ற கட்டம்

ஆதம் ரைலாண்ட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்லிங்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் யாரும் யாரையும் அடிப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பெயர்கள், அட்டவணைகள், எண்கள், நாலு வரி வர்ணனை, அவ்வளவுதான். 2004-இல் தொடங்கிப் பல பதிப்புகள் வந்துவிட்டன. ஆடுபவன் ஒரு மல்யுத்தக் கம்பெனியின் காரியஸ்தன். ஆட்களை அமர்த்துவது, எந்த இரவில் யாரோடு யார் மோதுவது, யார் ஜெயிப்பது எல்லாம் அவன் எழுதிவைப்பது. எழுதியதைக் கூட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று இயந்திரம் மதிப்புப் போடுகிறது. மற்ற விளையாட்டுகளில் இயந்திரம் எதிராளி. இங்கே அது வாசகன்.

ராபர்ட் கூவர் 1968-இல் எழுதிய நாவலில் ஹென்றி வா என்ற கணக்கன் தன் அறையில் பகடை உருட்டி ஒரு முழு பேஸ்பால் லீகையே நடத்துகிறான். அவன் நேசித்த இளம் பந்துவீச்சாளனைப் பகடை கொன்றுவிடுகிறது. பிறகு ஒரு கட்டத்தில் ஹென்றி பகடையைத் தன் கையாலேயே திருப்பிவைக்கிறான். நாவலின் பாவமும் பயங்கரமும் அந்த இடத்தில்தான். மல்யுத்தத்தில் அது பாவமே அல்ல, அன்றாட உத்தியோகம். முடிவு முன்பே தெரியும். நம்பினார்களா என்பது மட்டும் தெரியாது. எழுதுகிறவனுக்கு ஹென்றியின் மேஜையைவிட ரைலாண்டின் அட்டவணை நெருக்கமானது என்று எனக்குப் படுவது இதனால்.

கம்பெனி தொடங்குமுன் அதன் பாணியைத் தீர்மானிக்க வேண்டும். 2016 பதிப்புவரை இது தனித்தனிக் கட்டங்களாக இருந்தது. மரபு, ஹாஸ்யம், யதார்த்தம், ரத்தக் களரி, சுத்தமான மல்யுத்தம் என்று பல அம்சங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்று, 'முக்கிய அம்சம்' தொடங்கி 'இல்லை' வரை சொல்லலாம். 2020 பதிப்பில் இந்த முறை போய், தயாராக உள்ள பாணிகளின் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. ஒட்டாத அம்சங்களைக் கண்டபடி சேர்ப்பதை இது தடுக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் பாணியின் இடத்தில் வகை வந்து உட்கார்ந்துவிட்டது. நான் பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டேன். 'இல்லை' என்ற கட்டத்துக்காக.

நான் அமைக்க விரும்பியது பழைய பிரிட்டிஷ் மல்யுத்தம். மௌண்ட்ஈவன்ஸ் பிரபுவின் பெயரால் 1947-இல் வந்த விதிகள்: ஆட்டம் சுற்றுகளாகப் பிரியும், மூன்றில் இரண்டு வீழ்த்தல், தப்பாட்டம் ஆடினால் பகிரங்க எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு வெளியேற்றம். ஐ.டி.வி.யில் சனிக்கிழமை சாயங்காலங்களில் 1988 வரை இது நடந்தது. இந்த உருவத்தில் வில்லனுக்கு நாற்காலி தேவையில்லை. மணி அடித்த பிறகு ஒரு குத்து போதும். மிக் மக்மானஸ் இத்தகைய சில்லறை அக்கிரமங்களாலேயே ஒரு தேசத்தின் வெறுப்பைச் சம்பாதித்தவர். தன் காதை யாராவது தொட்டால் மட்டும் அலறுவார். எதிர்ப்பக்கம் பிலடெல்பியாவில் ஒரு பிங்கோ கூடத்தில் ஈ.சி.டபிள்யூ. நடத்தியது: மேஜை, கம்பி, நெருப்பு. எல்லாம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் அக்கிரமத்துக்கு அர்த்தம் குறைந்துகொண்டே போகும். நேற்றையதைவிடப் பெரிதாக ஒன்று இன்று வேண்டும். அது 2001-இல் மூடப்பட்டதற்குப் பணம் காரணம் என்பார்கள். பணம் மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை.

ரோலான் பார்த் 1952-இல் எழுதிய மல்யுத்தக் கட்டுரை நம் வட்டத்தில் பலருக்குப் பரிச்சயம். மல்யுத்தத்தின் குணமே மிகை, ஒவ்வொரு சைகையும் சந்தேகத்துக்கிடமின்றிப் படிக்கப்பட வேண்டும் என்கிறார். அவர் பார்த்தது பாரிஸின் ஒரு பாணியை. ஜப்பானில் 1984-இல் தொடங்கிய யு.டபிள்யூ.எஃப்., கயிற்றில் ஓடித் திரும்புவதையும் பறப்பதையும் கழித்துவிட்டு, உதையையும் பூட்டையும் வைத்துக்கொண்டது. அங்கே சைகையின் வேலை, சைகையாகத் தெரியாமலிருப்பது. மிகை ஒரு கட்டம்தான். அதையும் 'இல்லை'யில் வைக்கலாம். பார்த்தின் விதி சரிவது இங்கே.

இனி சங்கடமான விஷயம். ஆட்டத்தின் தரத்தை இயந்திரம் கணிக்கும்போது திறமை, ஜனரஞ்சகம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. எது எவ்வளவு எடை என்பது பாணியைப் பொறுத்தது. நான் திறமைப் பக்கம் சாய்ந்தேன். சிறிய கூடம், நல்ல ஆட்டம், மாதாமாதம் நஷ்டம். (நம்மில் சிலருக்குப் பழகிய கணக்கு.) ஆகவே ஹாஸ்யத்தை 'கொஞ்சம்' என்று ஒரு படி நகர்த்தினேன். பெரிய உடம்புக்காரன் ஒருவனை அமர்த்தினேன். கூடம் நிறைந்தது.

பிரிட்டனில் உண்மையில் நடந்ததும் இதேதான். எழுபதுகளின் பிற்பகுதியில் பிக் டாடி என்ற ஷெர்லி க்ராப்ட்ரீயைச் சுற்றி எல்லாம் சுழலத் தொடங்கியது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தவர் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான மாக்ஸ். கூட்டாளிப் பையன் அடி வாங்குவான். டாடி உள்ளே வந்து வயிற்றால் மோதி முடித்துவைப்பார். 1981-இல் வெம்ப்ளியில் ஜெயண்ட் ஹேஸ்டாக்ஸோடு அவர் மோதியது மூன்று நிமிஷம்கூட நீடிக்கவில்லை. சுற்று எதற்கு, எச்சரிக்கை எதற்கு? ஜனங்கள் வராமல் அந்த உருவம் சாகவில்லை. உருவமே தேவைப்படாத ஒருவரைப் பார்க்க ஜனங்கள் வந்ததால் அது உள்ளே செத்தது. தொலைக்காட்சி கைவிட்டது பிறகு. டாடியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. குழந்தைகள் அவரை நிஜமாகவே நேசித்தார்கள்.

என் இயந்திரமும் அந்தப் பெரிய உடம்புக்காரனுக்குத்தான் கைதட்டியது. அது பொய் சொல்லவில்லை. கூடத்தில் இருப்பவர்களின் சந்தோஷத்தை எண்ணிச் சொன்னது. அந்தக் கூடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவனை எண்ணுவதற்கு அதில் இடமில்லை.

சென்ற வாரம் ஹாஸ்யத்தைத் திரும்பவும் 'இல்லை'க்குக் கொண்டுவந்தேன். பெரிய உடம்புக்காரனின் ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சியில் அவனை முதல் ஆட்டத்திலேயே போட்டிருக்கிறேன். ஒரு மெலிந்த பையனோடு, முழுச் சுற்றுகளும்.